மாலூர் வரைக்கும் கோபம்

எங்கள் கூட்டத்தில் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற வழக்கம் இல்லை. ஏறுகிற ஸ்டேஷன்தான் பெயர். ரயில் புறப்படுகிற மாரிகுப்பத்தில் ஏறுகிறவள் மாரிகுப்பம். அடுத்த ஸ்டேஷனில் ஏறுகிறவள் சாம்பியன். ஊரிகத்தில் ஏறுகிற நான் ஊரிகம். எனக்கு அப்புறம் ஏறுகிறவள் கோரமண்டல். நாலு பேருக்கும் ஒயிட்ஃபீல்டு பக்கம் ஒரே கார்மெண்ட்ஸ் கம்பெனியில், ஒரே தையல் லைனில் வேலை. "பேருதான் சாம்பியன், ஒரு நாளாச்சும் ஓடாம ரயில புடிச்சிருக்கியாடி" என்று அவளைச் சீண்டாமல் எங்களுக்குப் பொழுது விடிந்ததில்லை.

மாரிகுப்பத்து அக்காதான் மூத்தவள். காலி ரயிலில் முதலில் ஏறுகிறவள் என்பதால் இடம் போடுவது அவள் பொறுப்பு. ஜன்னலோரம் எதிரெதிர் சீட்டில் ஒரு துப்பட்டா, ஒரு ஸ்வெட்டர், ஒரு டிபன் பை என்று பரப்பிவிட்டு, அதற்கு நடுவே சண்டைக்குத் தயாராக உட்கார்ந்திருப்பாள். அவள் போட்ட இடத்தைத் தொட அந்த லேடீஸ் பெட்டியில் எவளுக்கும் தைரியம் வராது. அந்த அக்காவேதான் கம்பெனியில் எங்களுக்கு சூப்பர்வைசர். நீலக் கோட்டு போட்டுக்கொண்டு, காலையிலிருந்து சாயங்காலம் வரை எங்களைத் திட்டுவது அவளுக்கு வேலை. மேலே இருக்கிற ஃப்ளோர் இன்சார்ஜ் அவளைத் திட்டுவான், அவள் எங்களைத் திட்டுவாள். நாங்கள் யாரைத் திட்டுவது? மிஷினையா?

அதற்காகத்தான் அக்கா ஒரு சட்டம் போட்டிருந்தாள். சாயங்காலம் ரயில் ஏறினதிலிருந்து மாலூர் வரைக்கும் அவளை நாங்கள் என்ன வேண்டுமானாலும் திட்டலாம். வாடி, போடி எதுவும் சொல்லலாம். அவள் வாயைத் திறக்கக் கூடாது. மாலூர் ஸ்டேஷன் தாண்டிவிட்டால் கம்பெனிப் பேச்சே கூடாது. அப்புறம் குழம்பு, பிள்ளைகள், புடவை, யார் வீட்டு நாய் யாரைக் கடித்தது, அவ்வளவுதான். தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்த அவளுடைய நைனா, கோபத்தோடு கேஜ் லிஃப்டில் இறங்காதே, கோபத்தோடு வீட்டுக்கும் ஏறாதே என்பாராம். அக்கா அதை ரயிலுக்குக் கொண்டுவந்துவிட்டாள்.

கேட்கிறவர்களுக்கு இது விளையாட்டாகத் தெரியும். எங்களுக்கு விளையாட்டில்லை. ஒரு மணிக்கு இத்தனை பீஸ் என்று கரும்பலகையில் எழுதிப் போட்டு, குறைந்தால் எல்லோர் முன்னாலும் நிற்க வைத்துக் கேட்பார்கள். பாத்ரூமுக்குப் போனால் பீஸ் குறையும் என்று தண்ணீர் குடிக்காமல் இருந்து, எனக்கு நீர்க்கடுப்பு நிரந்தரமாகிவிட்டது. சாம்பியனுக்கு வயிற்றெரிச்சல். அந்த எரிச்சலை எங்கேயாவது கொட்டித்தானே ஆக வேண்டும். "இன்னிக்கு பலகையாண்ட நிக்க வெச்சியே, நீயெல்லாம் ஒரு பொம்பளையா?" என்று சாம்பியன் கேட்பாள். அக்கா கடலையை உரித்துத் தின்றுகொண்டே, "அப்பால?" என்பாள். "சொல்லு, இன்னும் மாலூர் வரல" என்பாள். கொட்டி முடித்ததும் மனசு லேசாகிவிடும். மாலூர் தாண்டியதும் அந்தக் கடலையை நாலு பேரும் பங்கு போட்டுத் தின்போம்.

எங்களுக்குள் கோரமண்டல்தான் சின்னவள். வாய்த்துடுக்கு ஜாஸ்தி. திட்டுவதில் அவளை அடிக்க ஆள் கிடையாது. அக்காவின் நடையைச் செய்து காட்டுவாள், இன்சார்ஜின் கன்னடத்தைச் செய்து காட்டுவாள். பெட்டியே சிரிக்கும். அவள் மேல் அக்காவுக்குத் தனிப் பிரியம்.

ஒரு நாள் காலை, ரயில் பங்காருபேட்டையை விட்டுக் கொஞ்ச தூரம் போயிருக்கும். பேசிக்கொண்டே இருந்த கோரமண்டல் பாதி வார்த்தையில் நின்றுவிட்டாள். கண் மேலே செருகி, கை கால் வெட்டி வெட்டி இழுக்க, சீட்டிலிருந்து சரிந்தாள். சாம்பியன் அலறினாள். அக்கா மட்டும் கலங்கவில்லை. தன் வீட்டுச் சாவிக்கொத்தை அவள் கையில் திணித்து, ஒருக்களித்துப் படுக்க வைத்து, முந்தானையால் நுரையைத் துடைத்து, சுற்றி நின்று பார்த்த பெண்களை, "சினிமாவா காட்டறாங்க? போங்க அந்தாண்ட. பொண்ணு சாப்பிடாம வந்து மயங்கிட்டா" என்று விரட்டினாள். இரும்பைப் பிடித்தால் வலிப்பு நிற்காது என்று டாக்டர்கள் சொல்கிறார்கள். எங்களுக்குத் தெரிந்த வைத்தியம் அன்று அதுதான்.

நினைவு வந்ததும் அவள் முதலில் கேட்டது, "கம்பெனி ஆளுங்க யாராச்சும் பாத்தாங்களா?" என்றுதான். சின்ன வயசிலிருந்தே இருக்கிறதாம். மாத்திரை சாப்பிடுகிறாள், தூக்கம் கெட்டால் வரும். கட்டிக்கொண்டவனுக்குத் தெரியும், மாமியாருக்குத் தெரியாது. கம்பெனிக்குத் தெரிந்தால் அன்றோடு வேலை போய்விடும். வேறொரு லைனில் வெறும் தலைசுற்றலில் விழுந்தவளையே "வீட்டில் ரெஸ்ட் எடும்மா" என்று அனுப்பி, திரும்பக் கூப்பிடாமல் விட்டதை நாங்கள் பார்த்திருக்கிறோம். வீட்டுக்காரனுக்குப் பெயிண்ட் வேலை. இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. பெண் குழந்தை ஒன்று இரண்டாம் வகுப்புப் படிக்கிறது. எங்கள் ஊரில் ஒரு பெண் செய்வதற்கு வேறு என்ன வேலை இருக்கிறது? சுரங்கம் மூடின பிறகு எங்கள் எல்லோருக்கும் ரயில்தான் சோறு.

அன்றைக்கே அக்கா அவளைத் தையல் மிஷினிலிருந்து எடுத்து செக்கிங் மேசைக்கு மாற்றினாள். தைத்து வரும் துணியைப் பார்த்து, குறை இருக்கிற இடத்தில் அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டுகிற வேலை. மிஷினில் கை இருக்கும்போது வலிப்பு வந்தால் ஊசி விரலோடு நிற்காது, அதற்குத்தான். ஒரு நாளும் அவளை அங்கிருந்து அசையவிடவில்லை. நாலு பேருக்குள்ளேயே இருந்தது அந்த ரகசியம். மற்ற பெண்கள் முணுமுணுத்தார்கள். ஊர்ப்பாசம் என்றார்கள். அக்கா காதில் வாங்கவில்லை.

பிறகு புது இன்சார்ஜ் வந்தான். சின்னப் பையன், படித்தவன், யாரையும் நிமிர்ந்து பார்க்க மாட்டான், போனைத்தான் பார்ப்பான். டார்கெட்டை ஏற்றினான். லைனில் பீஸ் குறைந்த ஒவ்வொரு மணிக்கும் அக்காவைக் கண்ணாடி ரூமுக்குள் கூப்பிட்டான். உள்ளே என்ன சொல்கிறான் என்று கேட்காது. அவள் தலை குனிந்து நிற்பது மட்டும் எங்கள் எல்லோருக்கும் தெரியும். வெளியே வந்ததும் எங்கள் மேல் பாய்வாள். முன்பெல்லாம் திட்டினால் அதில் ஒரு கணக்கு இருக்கும், இப்போது கணக்கு இல்லை. சாயங்கால ரயிலில் எங்கள் வசவைக் கேட்கும்போதும் அவள் கடலை உரிப்பதை நிறுத்திவிட்டாள். ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பாள். "அப்பால?" என்று கேட்பதும் இல்லை.

அந்த நாள் எனக்கு நீர்க்கடுப்பு அதிகம். இரண்டு முறை எழுந்து போய்விட்டேன். திரும்பி வந்தபோது எனக்கு முன்னால் துணி குவிந்து கிடந்தது. பின்னால் இன்சார்ஜ் நின்றிருந்தான், அக்கா பக்கத்தில். அக்கா அந்தத் துணியை வாரி என் மேல் எறிந்தாள். காலர் வந்து முகத்தில் அடித்தது. "வூட்ல பட்த்துக் கெடக்க வேண்டியதுதான? தாலி அறுத்ததுக்கு அப்பால யாரு ஒன்ன வேலைக்கு வான்னு அழச்சா?" என்றாள்.

என் புருஷன் இறந்தபோது என்னோடு சுடுகாட்டு வாசல் வரை வந்தவள் அவள். எனக்கு ரத்தம் கொதித்தது. இருந்தும் வாயைத் திறக்கவில்லை. திறக்கத்தான் மாலூர் வரைக்கும் நேரம் இருக்கிறதே, சாயங்காலம் இவளை உரித்து உப்புக்கண்டம் போடுகிறேன் என்று மனசுக்குள் வார்த்தைகளைச் சேர்த்துக்கொண்டே மிஷினில் உட்கார்ந்தேன்.

கோரமண்டலுக்குச் சாயங்காலம் வரை பொறுக்கவில்லை. செக்கிங் மேசையிலிருந்து எழுந்தாள். "ஏ மாரிகுப்பம்! வாய அடக்குடி. செத்தவங்கள எதுக்குடி இழுக்கற? கோட்டு போட்டா கொம்பு மொளச்சிடுமா?" என்று கத்தினாள்.

ரயிலில் அவள் நூறு முறை சொன்னதுதான். இதைவிட மோசமாகவும் சொல்லியிருக்கிறாள், அக்கா உட்பட எல்லோரும் சிரித்திருக்கிறோம். ஆனால் அது ரயில் இல்லை. மேலே டியூப்லைட் எரிகிற, வரிசை வரிசையாக ஆட்கள் உட்கார்ந்திருக்கிற ஃப்ளோர். அங்கே அக்காவுக்கு மேடம் என்று பெயர். மிஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. பக்கத்து லைனில் ஒருத்தி களுக்கென்று சிரித்தாள், அது அப்படியே பரவியது. "மாரிகுப்பம்" என்று யாரோ சொல்லிப் பார்த்தார்கள்.

இன்சார்ஜ் அன்றைக்குத்தான் போனிலிருந்து நிமிர்ந்தான். "என்னம்மா இது?" என்று கன்னடத்தில் அக்காவைக் கேட்டான். அப்புறம் தமிழில், அவனுக்குத் தெரிந்த தமிழில், "இது என்ன உங்க ஊர் டிரெயினா? இந்தப் பொண்ணு ஏன் எப்பவும் டேபிள்லயே இருக்கு? நாளையிலிருந்து ஓவர்லாக் மிஷின்ல போடுங்க. முடியாதுன்னா கோட்ட கழட்டிக் குடுங்க, வேற ஆள் பாத்துக்கறேன்" என்றான்.

அக்கா முகம் வெளுத்திருந்தது. கோரமண்டலைப் பார்த்தாள். கோரமண்டல் அப்போதும் கோபம் அடங்காமல் இடுப்பில் கை வைத்து நின்றிருந்தாள்.

"மிஷின்ல போட முடியாது சார்," என்றாள் அக்கா. "அவளுக்கு வலிப்பு."

காப்பாற்றச் சொன்னாளா, பழி வாங்கச் சொன்னாளா? இதை நான் எத்தனையோ இரவு புரட்டிப் புரட்டிப் பார்த்திருக்கிறேன். அவள் குரலில் இரண்டும் இருந்தது. எனக்கு அவள் மேல் கோபம், இன்றைக்கும் கோபம்தான். ஆனால் அந்த இடத்தில் அவள் வேறென்ன சொல்லியிருக்கலாம்? மறுநாள் அவளை, ஊசியோடு கத்தியும் ஓடுகிற ஓவர்லாக்கில் உட்கார வைத்திருக்கலாம். ஒரு நாள் விரல் போயிருக்கும். அல்லது போகாமலே இருந்திருக்கும்.

கோரமண்டலை உடனே ஆபீஸ் ரூமுக்கு அழைத்துப் போனார்கள். யாரும் அவளிடம் கடுமையாகப் பேசவில்லை, அதுதான் கொடுமை. தண்ணீர் கொடுத்து, நாற்காலி போட்டு, உன் நன்மைக்குத்தான் என்று சொல்லி, டாக்டர் சர்டிபிகேட்டோடு வா என்று அனுப்பினார்கள். போதாததற்கு, தனியாக எப்படிப் போவாள் என்று அக்கறைப்பட்டு வீட்டுக்குப் போன் வேறு போட்டார்கள். அவள் கொடுத்திருந்த நம்பர் மாமியார் கையில் இருக்கிற போன். உங்கள் மருமகளுக்கு வலிப்பு நோய் இருக்கிறது, யாராவது வந்து அழைத்துப் போங்கள் என்று மாமியாரிடமே சொல்லிவிட்டார்கள்.

அன்று சாயங்காலம் ரயிலில் நாங்கள் மூன்று பேர்தான். சாம்பியன் ஏறினதிலிருந்து ஆரம்பித்தாள். வேலியே பயிரை மேய்ந்துவிட்டது என்றாள், நீ உருப்பட மாட்டாய் என்றாள், உன் வயிற்றில் பிறந்தவளுக்கு இப்படி வந்தால் சொல்லுவாயா என்றாள். நான் காலையிலிருந்து சேர்த்து வைத்திருந்த வார்த்தைகளில் ஒன்றுகூட எனக்கு வெளியே வரவில்லை. மாலூர் வந்தது.

"மாலூர் தாண்டிச்சி," என்றாள் அக்கா, மெதுவாக.

"தாண்டட்டும்," என்றாள் சாம்பியன். பங்காருபேட்டை தாண்டியும் திட்டினாள். ரயில் கோரமண்டலில் நின்றபோதும் திட்டிக்கொண்டிருந்தாள். ஊரிகத்தில் நான் இறங்கும்போது அக்கா அழுதுகொண்டிருந்தாள். நான் போய்வருகிறேன் என்று சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கோரமண்டல் வீட்டுக்குப் போனேன். சுரங்கக்காரர்களுக்குக் கட்டின பழைய லைன் வீடு, முன்னறையில்தான் உட்கார வைத்தாள். டீ போட அவள் எழுந்ததும் உள்ளேயிருந்து மாமியார், "அடுப்பாண்ட நீ போவாத, நான் வரேன்" என்றாள். அந்த அம்மா கெட்டவள் இல்லை. பயப்படுகிறவள். குழந்தையை ராத்திரி தன் பக்கத்தில் படுக்க வைத்துக்கொள்கிறாளாம், தாயிடம் விடுவதில்லையாம். நோயை மறைத்துக் கல்யாணம் செய்தார்கள் என்று தெருவில் பேச்சு. ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

"ஒன்மேல கொற ஒண்ணும் இல்லன்னு அக்கா சொல்லச் சொல்லிச்சி," என்றேன். முந்தின நாள் ரயிலில் நான் நின்ற கதவோரம் வந்து அக்கா அழுதுகொண்டே சொல்லியனுப்பியது அது. "மிஷின்ல ஒக்கார வெச்சிருந்தா கை போயிருக்கும்னு சொல்லுது."

"போனா போயிருக்கட்டும்க்கா," என்றாள் அவள். "கைதான. ரெண்டு கீதே."

சர்டிபிகேட் வாங்கிக்கொண்டு கம்பெனிக்குப் போனாளாம். கேட்டிலேயே வாங்கிக்கொண்டு, கூப்பிடுகிறோம் என்றார்களாம். வேறு கம்பெனிகளுக்குப் போகலாம் என்றால், எல்லாக் கம்பெனிப் பெண்களும் அதே லேடீஸ் பெட்டியில்தான் வருகிறார்கள். அவளுக்கு முன்னாலேயே அவள் சேதி போய்ச் சேர்ந்துவிடுகிறது. பங்காருபேட்டையில் ஒரு துணிக்கடையில் கேட்டாள், ஆண்டர்சன்பேட்டையில் ஒரு பேன்சி ஸ்டோரில் கேட்டாள். பார்க்கலாம் என்றார்கள். நான் கிளம்பும்போது, "என் டேபிள்ல இப்ப யாருக்கா?" என்று கேட்டாள். ஒடிசாவிலிருந்து வந்த ஒரு பெண் என்றேன். "ஸ்டிக்கர ஒழுங்கா ஒட்டறாளா?" என்றாள். நான் குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டேன்.

ரயிலில் அக்கா அதற்குப் பிறகும் தினமும் எங்களுக்கு இடம் போட்டு வைத்தாள், கோரமண்டலுக்கும் சேர்த்து. நானும் சாம்பியனும் அங்கே உட்காராமல் கதவோரம் நின்றுகொண்டு போனோம். காலையில் நின்று, கம்பெனியில் முதுகு ஒடிந்து, சாயங்காலமும் நின்று வந்தால் உடம்பு என்ன இரும்பா? கொஞ்ச நாளில் கால் வீங்கிவிட்டது. முதலில் சாம்பியன் போய் உட்கார்ந்தாள், அப்புறம் நான். உட்கார்ந்தோமே தவிர, பேச்சு இல்லை. அக்காவைத் திட்டக்கூட எங்களுக்குப் பிடிக்கவில்லை.

ஃப்ளோரில் அவள் பெயர் மாரிகுப்பம் என்றே ஆகிவிட்டது. முதுகுக்குப் பின்னால் சொல்லிச் சிரிப்பார்கள். யாரும் அவள் சொன்னதை மறுக்கவில்லை, ஆனால் யாருடைய கையும் வேகமாக ஓடவில்லை. பீஸ் குறைந்தது. கண்ணாடி ரூமுக்குள் அவள் நிற்கிற நேரம் கூடிக்கொண்டே போனது. கடைசியில் கோட்டைக் கழற்றச் சொல்லிவிட்டார்கள். மறுபடி மிஷினில் உட்காரச் சொன்னார்கள், அவள் எந்தப் பெண்களைத் திட்டினாளோ அவர்களுக்கு நடுவில். ஒரு வாரம்கூட வரவில்லை, நின்றுவிட்டாள். கடைத்தெருவில் ஒரு முறை தூரத்தில் பார்த்தேன். என்னைப் பார்த்ததும் கோயில் பக்கம் திரும்பிப் போய்விட்டாள். நானும் கூப்பிடவில்லை.

அப்புறம் இன்சார்ஜ் என்னைக் கண்ணாடி ரூமுக்குள் கூப்பிட்டான். "நீங்க யார்கிட்டயும் சண்ட போடறதில்ல. கோட்டு நீங்க போட்டுக்குங்க" என்றான். எனக்கு வேண்டாம் சார் என்றேன். வேண்டாம் என்றால் நகரத்துக்கு வெளியே இன்னொரு யூனிட் இருக்கிறது, அங்கே ஆள் தேவைப்படுகிறது என்றான். குரலை உயர்த்தவே இல்லை. அங்கே போனால் சாயங்கால ரயிலைப் பிடிக்க முடியாது, ஊருக்கு வந்துபோக முடியாது என்று அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நீலக் கோட்டு தோள்பட்டையில் எனக்குத் தளர்வாக இருந்தது. அக்காவினுடையதுதான். துவைத்துக்கூடக் கொடுக்கவில்லை.

முதல் நாள் மதியம்வரை வாயைத் திறக்காமல் ஓட்டிவிடலாம் என்று பார்த்தேன். சாப்பாட்டுக்குப் பிறகு பீஸ் குறைந்தது. கண்ணாடி ரூமிலிருந்து கூப்பிட்டார்கள், உள்ளே போய் நின்றேன். வெளியே வந்தபோது சாம்பியன் பாத்ரூமிலிருந்து மெதுவாக வந்துகொண்டிருந்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டுதான் வந்தாள், பார்த்தேன். பார்த்துக்கொண்டேதான், "இது இன்னா ஒன் மாமியார் வூடா? நேரத்துக்கு வேல செய்ய முடியலன்னா இன்னாத்துக்கு வர்ற?" என்று கத்தினேன். என் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை. அவள் போய் உட்கார்ந்து தைத்தாள்.

சாயங்காலம் ரயிலில் சாம்பியன் எனக்கு முன்னாலேயே ஏறி, எனக்கும் ஒரு துப்பட்டாவைப் போட்டு இடம் பிடித்து வைத்திருந்தாள். அதைப் பார்த்ததும் எனக்குப் பாதி உயிர் வந்தது. எதிரே உட்கார்ந்து தயாராக இருந்தேன். கடலைகூட வாங்கி வைத்திருந்தேன். திட்டட்டும். என் புருஷனை இழுக்கட்டும், பெற்றவளை இழுக்கட்டும். எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு, "அப்பால?" என்று கேட்கத்தான் வந்திருந்தேன். லைனில் புதிதாகச் சேர்ந்த இரண்டு பெண்களும் பக்கத்தில் இருந்தார்கள். நான் வருவதற்கு முன்பு அவர்கள் எதையோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்தது பிளாட்பாரத்திலேயே என் காதில் விழுந்தது. இப்போது போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஸ்டேஷன்கள் போயின. கடலைப் பொட்டலம் என் மடியில் சூடு ஆறிக்கொண்டிருந்தது.

"இன்னும் மாலூர் வரலடி," என்றேன். "இன்னாவாச்சும் சொல்லு."

சாம்பியன் என்னை நிமிர்ந்து பார்த்தாள். கோபம் இருக்கும் என்று அந்தக் கண்ணில் தேடினேன். மரியாதைதான் இருந்தது.

"எனக்கு இன்னா மேடம் சொல்றதுக்குக் கீது?" என்றாள்.

ரயில் மாலூரில் நின்றது. நாலைந்து பேர் இறங்கினார்கள், இரண்டு பேர் ஏறினார்கள். பிறகு கிளம்பிவிட்டது.